கிரின்னெல் விடுதிக்குப் பெட்டி கட்டும் முன்

அமெரிக்கப் படிப்பு என்றால் நம் வீடுகளில் நியூயார்க்கும் சிகாகோவும்தான் கண்முன் வரும். கிரின்னெல் கல்லூரி இருக்கும் இடம் வேறு மாதிரி. அயோவா மாநிலத்தில், சுற்றிலும் மக்காச்சோளமும் சோயாவும் விளையும் காடுகளுக்கு நடுவே, பத்தாயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர். 1846-இல் தொடங்கிய அந்தக் கல்லூரியில் மொத்த மாணவர்களே சுமார் 1,700 பேர்தான். பக்கத்து விமான நிலையம் டெ மொய்ன். காரில் ஒரு மணி நேரம். கல்லூரி வளாகத்துக்குள்ளேயே தண்டவாளம் ஓடுகிறது, ஆனால் அதில் போவது சரக்கு ரயில் மட்டும். இரவு பதினொன்றுக்கு விமானம் இறங்கினால் வாடகை வண்டி கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கல்லூரி வண்டி எந்த நாளில், எந்த நேரத்தில் வரும் என்று கேட்டுவிட்டு அதற்கேற்ப டிக்கெட் எடுங்கள்.

பெட்டியில் இடத்தை அடைப்பது பெரும்பாலும் மின்சாதனங்கள்தான். அவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் 230 வோல்ட் கெட்டிலைத் தகுந்த பிளக் மாட்டிச் செருகினால் எரிந்துபோகாது. ஆனால் மின்னழுத்தம் பாதியானால் சூடு கால்வாசிதான் வரும் என்பதால், தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். மிக்ஸி சரியாகச் சுற்றாது. பிளக் மாற்றி முள்ளின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டை மாற்றாது. மடிக்கணினி, கைபேசி சார்ஜர்களில் '100–240' என்று அச்சிட்டிருக்கும், அவற்றுக்குக் கவலையில்லை.

விரிப்பு விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். அமெரிக்க விடுதிக் கட்டில்கள் பெரும்பாலும் 'ட்வின் எக்ஸ்எல்' அளவு: அகலம் 38 அங்குலம், நீளம் 80 அங்குலம். கடையில் சாதாரண 'ட்வின்' என்று கிடைப்பது 75 அங்குலம். அந்த ஐந்து அங்குலக் குறையால் இலாஸ்டிக் விரிப்பு ஒரு மூலையில் கழன்றுகொண்டே இருக்கும். இங்கிருந்து மெத்தை விரிப்பு சுமந்து போவதைவிட அங்கே அளவு பார்த்து வாங்குவதே நல்லது.

சமையல் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அறைக்குள் தாளிக்க முடியாது. எண்ணெயில் கடுகு வெடித்து மிளகாய் கருகும் புகைக்கு அலாரம் அடித்துவிடும். அலாரம் அடித்தால் கட்டடம் முழுவதும் வெளியே போய் நிற்க வேண்டும், வெளியே மைனஸ் 20 டிகிரியாக இருந்தாலும். வெப்பச்சுருள் வெளியே தெரியும் அடுப்பு, மெழுகுவத்தி, ஊதுவத்தி ஆகியவற்றுக்கு அமெரிக்க விடுதி அறைகளில் பொதுவாகத் தடை. சாமி படத்துக்கு முன் வைக்க பேட்டரி விளக்கு எடுத்துப் போகலாம். ரைஸ் குக்கர் பற்றி விடுதி அலுவலகத்தின் பட்டியலைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் மூன்றும் இருந்தால் உணவுக்கூடத்துச் சோறு உள்ளே இறங்கும். பச்சைக் கறிவேப்பிலை கூடாது. எலுமிச்சை இனப் பயிர்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அதில் வருவதால் சுங்கத்தில் பறித்துவிடுவார்கள்.

அறைக்குள் நுழைந்ததும் சுவர், கதவு, மேசை, ஜன்னல் வலை அத்தனையையும் படம் எடுங்கள். பழைய ஆணித் துளையும் கீறலும் அறை நிலைப் படிவத்தில் பதியாவிட்டால், மே மாதம் காலி செய்யும்போது உங்கள் கணக்கில் ஏறும்.

அறைத்தோழரோடு முதல் வாரத்திலேயே பேச வேண்டியவை: விளக்கணைக்கும் நேரம், விருந்தினர், செருப்பு, வீட்டுக்குப் பேசும் நேரம். ஆகஸ்டில் அங்கே இரவு ஒன்பது என்றால் இங்கே மறுநாள் காலை ஏழரை. நவம்பர் தொடக்கத்தில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் அது எட்டரை ஆகும். அம்மா கூப்பிடும் நேரத்தில் தோழர் தூங்குகிறாரா என்பது பெரிய விஷயம். மனத்தாங்கல் வந்தால் தளத்துக்குப் பொறுப்பான மூத்த மாணவரிடம் உடனே சொல்லுங்கள். நம் பிள்ளைகள் அக்டோபர் வரை பொறுத்துப் பொறுத்துப் பிறகு ஒரேயடியாக உடைகிறார்கள். அதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

படிப்பில் கட்டாயமான பாடம், முதல் பருவத்தில் சிறு குழுவாகப் படிக்கும் 'டுடோரியல்' ஒன்றுதான். அதை நடத்தும் பேராசிரியரே உங்கள் ஆலோசகரும்கூட. அவரிடம் தயங்காமல் போங்கள்.

குளிர்காலக் கோட்டு, பூட்ஸ் இரண்டையும் அங்கேயே வாங்குங்கள். சென்னைக் கடை ஸ்வெட்டர் அந்தக் காற்றுக்குத் தாங்காது. அறைச் சூட்டில் காற்று வறண்டு உதடு வெடிக்கும், சிலருக்கு மூக்கில் ரத்தம் வரும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். புழுக்கம் என்று ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு டிசம்பர் விடுமுறைக்குக் கிளம்பிவிடாதீர்கள். சூடேற்றிக் குழாயில் நீர் உறைந்து வெடித்தால் கீழ்த்தளம் வரை நனையும். ஊருக்கு வராமல் அங்கேயே தங்குவதென்றால், அந்த ஒரு மாதமும் விடுதியில் தங்கப் பதிவு செய்ய வேண்டுமா, உணவுக்கூடம் எந்தெந்த நாட்களில் மூடும் என்று அக்டோபரிலேயே கேட்டு வையுங்கள்.