புதுச்சேரியில் ஜாவா நாள்: புகையும் ஸ்பேர் பார்ட்ஸும்

ஜூலை மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, ஜாவா, யெஸ்டி என்ற பழைய பைக்குகளை வைத்திருப்பவர்களுக்கு வருடாந்திரத் திருவிழா. பெங்களூரில் நடப்பது பெரிய கூட்டம். எங்கள் பக்கம் அப்படியில்லை. கடலூர், நெய்வேலி, பண்ருட்டி, விழுப்புரம் ஆட்கள் புதுச்சேரிக்காரர்களோடு சேர்ந்து, அங்கே கடற்கரைச் சாலையில் கிளம்பி கடலூர் வெள்ளிக் கடற்கரை வரை ஓட்டுவோம். 25 கிலோமீட்டர் சொச்சம்தான். "இதுக்கு ஒரு ரேலியா? டவுன் பஸ்ல போய்ட்டு வந்துடலாமே" என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஓட்டுவது ஒரு சாக்கு, உண்மையில் நடப்பது ஸ்பேர் பார்ட்ஸ் சந்தை என்று இதுவரை வீட்டில் சொன்னதில்லை.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டி விடக் கூடாது. அதனால் பக்கத்துத் தெருவில் டீ குடித்தபடி காத்திருந்து, தடுப்பை எடுத்ததும் காந்தி சிலைப் பக்கம் போய் வரிசையாக நிறுத்தினோம். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். "எங்க அப்பா வெச்சிருந்தாரு" என்று தொடங்காதவர் குறைவு. சிவப்புக் கெப்பித் தொப்பி போட்ட கான்ஸ்டபிள் ஒருவர் என் யெஸ்டியைச் சுற்றி வந்து, "கிக்கர் எங்க சார்?" என்று கேட்டார். இடது பக்க கியர் லீவரையே உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் அதுதான் கிக்கர். உதைத்துக் காட்டினேன். இன்னொரு தடவை காட்டச் சொன்னார்.

ஒரு சின்ன வரலாறு. செக் நாட்டு ஜாவாவை மைசூரில் தயாரிக்க ஐடியல் ஜாவா கம்பெனி தொடங்கியது 1960-இல். 1973-இலிருந்து அதே வண்டிக்கு யெஸ்டி என்று பெயர். 1996-இல் ஆலை மூடியாகிவிட்டது. அதாவது எங்கள் கூட்டத்தில் நிற்கிற மிகச் 'சின்ன' வண்டிக்குக்கூட ஓட்டுப் போடும் வயது தாண்டி வெகுநாள் ஆகிறது. கம்பெனியே இல்லாத வண்டிக்கு உதிரி பாகம் எங்கே வாங்குவது? அடுத்தவர் பரணில்தான்.

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சந்தை. அந்தப் பக்கம் தலை வைக்காமல் முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் வழியாகத் தெற்கே இறங்கினோம். அடுத்த நிறுத்தம் பெட்ரோல் பங்க். தமிழ்நாட்டைவிட புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு என்பதால் முள்ளோடை எல்லை தாண்டுவதற்குள் டேங்கை நிரப்பிவிட வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலிலேயே ஆயில் கலக்க வேண்டும். அந்தக் கலவை கிராங்க் அறை வழியாகப் போகும்போதுதான் உள்ளே பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் எண்ணெய் கிடைக்கிறது. கலவையில் ஆயில் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிடும். லிட்டருக்கு 30 மில்லியா 40 மில்லியா என்று கேட்டால் பங்கே இரண்டாகப் பிரிந்துவிடும். முதலில் ஆயிலா, முதலில் பெட்ரோலா என்பது அதைவிடப் பெரிய சண்டை. பெரியவர் ஒருவர் எதிலும் கலந்துகொள்ளாமல் ஊற்றி மூடி, ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியை இடமும் வலமுமாக நாலு ஆட்டு ஆட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். பங்க் பையன் மட்டும் கவலையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தவளக்குப்பம் தாண்டி ஒரு ஜாவா 250 நின்றது. எல்லாரும் நின்றோம், ஆவலாகவே நின்றோம். இந்த வண்டிகளில் பாதி நோய், பிளக்குக்குத் தீப்பொறி அனுப்பும் பாயிண்டில்தான். நெய்வேலி மெக்கானிக் அண்ணன் வலது பக்க மூடியைக் கழற்றினார். பாயிண்ட் முனை கறுத்துப்போயிருந்தது. உப்புத்தாளால் இரண்டு இழுப்பு, பிறகு இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்து 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தார். "கேஜ் இல்லாமக் கண்ணாலயே வைக்கிறேன்னு சொல்றவன நம்பாதீங்க தம்பி" என்றார். அப்படிச் சொல்லிக்கொள்ளும் இருவர் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள். மறு உதையில் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

2018-க்குப் பிறகு வேறு கம்பெனி அதே பெயரில் கொண்டுவந்த புது ஜாவாக்களையும் கூட்டத்தில் சேர்க்கலாமா என்று வருடா வருடம் முணுமுணுப்பு எழும். ஃபோர் ஸ்ட்ரோக், ரேடியேட்டர் எல்லாம் வைத்ததை ஜாவா என்று ஒத்துக்கொள்ள மூத்தவர்களுக்கு மனசு வரவில்லை. நான் சேர்க்கச் சொல்லும் கட்சி. எங்கள் புகையை முழுக்க விழுங்கிக்கொண்டு பின்னாலேயே வருகிற பொறுமைக்காகவாவது அந்தப் பிள்ளைகளுக்கு இடம் தரலாம். பிளக் வாங்கி வர ஓடுகிறவர்களும் அவர்கள்தான்.

பெண்ணையாற்றுப் பாலம் ஏறி, மஞ்சக்குப்பம் வழியாக, வெள்ளிக் கடற்கரை இருக்கும் தேவனாம்பட்டினம் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. கடலை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. நிழல் கண்ட இடத்தில் துண்டை விரித்து சாமான்களைப் பரப்பிவிட்டார்கள். கார்க் ஒட்டிய கிளட்ச் பிளேட், கார்புரேட்டர், கண்டன்சர், மைசூர் முத்திரை போட்ட டேங்க் மூடி. பணம் அதிகம் புழங்குவதில்லை, பண்டமாற்றுதான். விலை சொன்னால் முகம் மாறும், "உங்ககிட்ட என்ன இருக்கு?" என்று கேட்டால் உட்கார வைத்துப் பேசுவார்கள். மும்பையிலிருந்து வரவழைத்த புதுப் பிளேட்டைவிடப் பழைய பிளேட்டில் ஊரிலேயே கார்க் ஒட்டினால் நீடிக்கும் என்று விழுப்புரம்காரர் ஒருவர் அரை மணி நேரம் விளக்கினார். அவரிடம் விற்க இருந்ததும் அதுதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

என்னிடம் கூடுதலாக ஒரு 6 வோல்ட் ஹாரன் இருந்தது. எனக்குத் தேவை ஸ்பீடோமீட்டர் கேபிள். பண்ருட்டிக்காரர் ஒருவர் ஹாரனை அங்கேயே பேட்டரியில் வைத்து அடித்துப் பார்த்து வாங்கிக்கொண்டார். கேபிள் வீட்டில் இருக்கிறது, பஸ்ஸில் போட்டுவிடுகிறேன் என்றார். எனக்கு அரை நம்பிக்கைதான். வியாழக்கிழமை கண்டக்டர் கொடுத்த பொட்டலத்தில் கேபிள் இருந்தது, கூடவே ஒரு பை நிறைய பலாச்சுளை. கேபிள் இரண்டு விரல் நீளம் கூடுதல். வளைத்துக் கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், முள் நன்றாகவே ஆடுகிறது.