ஜல்லி அடித்த கண்ணாடி

போன வாரம் கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரிக்கு காரில் வரும்போது, காவேரிப்பட்டணம் தாண்டி முன்னால் போன டிப்பரிலிருந்து ஒரு ஜல்லி தெறித்து டப்பென்று முன் கண்ணாடியில் அடித்தது. ஓரங்கட்டிப் பார்த்தால் மிளகு அளவு பள்ளம், சுற்றிலும் சிலந்திக் கால் மாதிரி மூன்று கீறல். வெளியே தடவினால் சொரசொரப்பு, உள்ளே வழவழ. இரண்டு கண்ணாடித் தகடும் நடுவே ஒரு பிளாஸ்டிக் படலமும் சேர்ந்ததுதான் முன் கண்ணாடி, அடி வெளித்தகட்டோடு நின்றுவிட்டது.

மெக்கானிக் "மாத்திடுங்க சார்" என்றார். அவருக்கென்ன!

ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கி, ஓட்டுபவர் கண்ணுக்கு நேராக இல்லாமல், ஓரத்தையும் தொடாமல் இருந்தால் பெரும்பாலும் ரெசின் என்ற பிசினைப் பள்ளத்தில் ஏற்றி, புற ஊதா விளக்கில் இறுக வைத்தாலே போதும். நீளமாக ஓடிய கீறல் என்றால் மாற்றத்தான் வேண்டும். இன்சூரன்ஸில் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள், சரி, ஆனால் இந்தச் சின்ன வேலைக்கு கிளெய்ம் போட்டு நோ கிளெய்ம் போனஸை, அதாவது கிளெய்ம் போடாமல் இருந்தால் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியை, ஏன் விட வேண்டும்?

ரெசின் ஏற்றும் வரை தூசி புகாமல் செலோடேப் ஒட்டி, ஏசி காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பாமல் ஓட்டினேன். வெயிலில் கொதிக்கிற கண்ணாடியில் திடீரென்று குளிர் பட்டால் கீறல் ஓடிவிடும். இப்போது மச்சம் மாதிரி ஒரு புள்ளி, அவ்வளவுதான். டிப்பரைக் கண்டால் மட்டும் கால் தானாக பிரேக்குக்குப் போகிறது.