புதன்கிழமைக் காடு

நோர்வேயின் ஒஸ்லோவுக்கு வந்து முதல் இலையுதிர் காலம். ஆறு வயது மகன் முதலாம் வகுப்பில் சேர்ந்து மூன்று கிழமைதான். பையில் பள்ளியின் அறிவித்தல் துண்டு ஒன்று வந்தது. புதன்கிழமை தோறும் வகுப்பு காட்டில் நடக்கும், மழை பெய்தாலும் போவார்கள். அதற்கு ‘ஊத்தெஸ்கூலெ’ என்று பெயர், வெளிப் பள்ளி. காசு எவ்வளவு என்று துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அரச பள்ளிகள் இதற்குப் பெற்றோரிடம் பணம் அறவிடக் கூடாது.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கல்விச் சுற்றுலா வருடத்தில் ஒரு நாள். வாழையிலையில் கட்டிய சோற்றுப் பார்சல், பஸ்ஸில் பாட்டு. முதல் நாள் இரவு நித்திரையே வராது. கிழமைக்கொரு நாள் காட்டுக்குப் போனால் பிள்ளை எப்போது எழுத்துப் படிப்பான்? இந்தக் கவலை என்னை அரித்தது.

குளிரும் என்று பருத்திச் சட்டை இரண்டின் மேல் தடித்த ஜாக்கெட் போட்டு அனுப்பினேன். நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தான். ஓடி விளையாடிய வியர்வையில் பருத்தி நனைந்து உடம்போடு ஒட்டிக் கிடந்தது. ஈரமானாலும் சூடு காப்பது கம்பளிதான் என்று ஆசிரியை பொறுமையாகச் சொன்னா. அன்று இரவு பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

ஒக்டோபரில் உதவிக்கு நானும் போனேன். மஞ்சள் மேலங்கியோடு இரண்டு இரண்டு பேராய்க் கைகோத்து நிலக்கீழ் ரயிலில் சொங்ஸ்வான் ஏரிக்குப் போனோம். அங்கே குச்சிகளை அடுக்கி எழுத்து எழுதினார்கள். ஊசியிலை மரங்களின் கூம்புக் காய்களைப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணினார்கள். ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டில் நெருப்பு மூட்டத் தடை, அது முடிந்திருந்ததால் நெருப்பும் மூட்டினார்கள். பிள்ளைகள் கையில் கத்தி! எனக்கு நெஞ்சு பதறியது. ஆனால் எல்லோரும் இருந்த இடத்தில் இருந்து, கத்தியை உடம்புக்கு வெளிப்பக்கமாகத் தள்ளியே தடியைச் சீவினார்கள். அந்தத் தடியில் மாவைச் சுற்றி, தணலில் வாட்டிச் சாப்பிட்டார்கள். என் மகன் சீவிய தடியை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பின்னால் நடந்தோம். குனிந்து, கொறித்த கூம்புக் காய் ஒன்றை எடுத்தான்.

“அம்மா, இது எலி திண்டது. வழுவழுப்பா இருக்கு, பாருங்கோ. அணில் திண்டா பிய்ஞ்சு பிய்ஞ்சு இருக்கும்.”

“உனக்கு ஆர் ராசா சொன்னது?”

“காட்டிலை படிச்சது.”

அன்று பின்னேரம் முழுக்க அவன் காட்டக் காட்ட நான் பொறுக்கினேன்.