இந்த வீட்டில் எத்தனை ஓட்டு?

தேர்தல் நெருங்கினால் வளசரவாக்கத்தில் எங்கள் தெருவுக்குள் வரும் கட்சிக்காரர்கள், வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலுக்கு வாசல் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இந்த வீட்ல எத்தனை ஓட்டு?" 2006இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள் நான். "இல்லை, தம்பி" என்று சொன்னதும் அவர்களுடைய கும்பிடு பாதியிலேயே அடுத்த வீட்டுப் பக்கம் திரும்பிவிடும். சிலோன்காரர் என்றதும் வீட்டுச் சொந்தக்காரர்கள் தயங்கியது, காவல் நிலையத்தில் பதிந்துகொள்ள நின்றது, "கதைக்க வேணும்" என்று நான் சொன்னபோது மளிகைக் கடைக்காரர் கதை கேட்கத் தயாரானது எல்லாம் பழகிவிட்டன. இந்தக் கேள்வி மட்டும் பழகவில்லை.

2024 ஏப்ரல் 19, தமிழகம் முழுவதும் வாக்குப்பதிவு நடந்த நாளில், சூரிச்சில் இருக்கும் என் சித்தி மகள் பார்க்கச் சொன்ன 'தெய்வீக ஒழுங்கு' என்ற சுவிஸ் படத்தை மடிக்கணினியில் போட்டேன். பெட்ரா வோல்பே இயக்கி 2017இல் வெளிவந்தது. 1971இல் ஒரு மலைக்கிராமம். கணவன், இரண்டு மகன்கள், மாமனார் ஆகியோருக்குச் சமைத்துத் துவைத்துக்கொண்டிருக்கும் நோரா வேலைக்குப் போக விரும்புகிறாள், கணவன் மறுக்கிறான், சட்டமும் அவன் பக்கமே நிற்கிறது. (அந்தச் சட்டம் 1988இல்தான் மாறியது.) பெண்களுக்கு வாக்குரிமை தருவதா என்பதை ஆண்கள் மட்டுமே வாக்களித்து முடிவு செய்யவிருந்த நாட்களில், ஊர்ப் பெண்கள் வீட்டு வேலையை விட்டுவிட்டு உணவு விடுதியில் போய்த் தங்கிவிடுகிறார்கள். அடுப்படியில் ஆண்கள் விழிப்பதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். வாக்குரிமையை எதிர்ப்பவர்களுக்குத் தலைமை தாங்குவதும் ஒரு பெண்தான் என்ற இடம் படத்தின் மிக நேர்மையான இடமாக எனக்குப் பட்டது.

1959இல் மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் மறுத்ததை, 1971 பிப்ரவரி 7இல் ஏறக்குறைய அதே அளவினர் ஏற்றுக்கொண்டார்கள். அப்போதும் அப்பன்செல் இன்னர்ரோடன் என்ற சிறு மாநிலம் தன் உள்ளூர்த் தேர்தல்களில் பெண்களை விடவில்லை. 1990இல் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

எனக்கு அம்மம்மாவின் நினைவு வந்தது. இலங்கையில் 21 வயது நிறைந்த ஆண், பெண் எல்லோருக்கும் 1931இலேயே வாக்குரிமை கிடைத்துவிட்டது. ஆனால் முழு விடுதலை கேட்டு யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் என்ற அமைப்பு பகிஷ்கரித்ததால் அவ்வாண்டு அங்கே தேர்தல் நடக்கவில்லை. 1934இல்தான் அம்மம்மாவுக்கு வாய்த்தது. திருக்கல் என்ற மாட்டு வண்டியில் சேலையால் மறைப்புக் கட்டிக்கொண்டு போனதையும், ஆளுக்கொரு நிறமாக வைத்திருந்த பெட்டிகளில் தனக்கு வேண்டிய நிறத்தைத் தேடிப் போட்டதையும், எந்த நிறம் என்று தாத்தாவிடம் கடைசிவரை சொல்லாததையும் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். சுவிஸ் பெண்களைவிட ஏறக்குறைய நாற்பது ஆண்டு முந்திய அம்மம்மாவின் பேத்திக்கு, இந்தியாவின் மற்ற மாகாணங்களுக்கு முன்பே, 1921இல், பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கத் தீர்மானம் நிறைவேற்றிய சென்னையில் ஓட்டு இல்லை. அன்றைய உரிமையும் சொத்துள்ள பெண்களுக்கு மட்டும்தான் என்பது எனக்கு ஒருவகை ஆறுதல்.

மாலையில் கீழ்வீட்டுப் பெண் இட்லி மாவு கொண்டுவந்தார். ஆட்காட்டி விரலில் வைத்த மை நகத்தின் ஓரமாக வழிந்து கருநீலமாகக் காய்ந்திருந்தது. நோராவின் கதையைச் சொன்னேன். வேலைக்குப் போகக் கணவனிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"எனக்கு ஓட்டு இருக்குக்கா. ஆனா அந்தத் தையல் கடை வேலைக்கு, இன்னும் அவர்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

பிறகு, மாவு புளித்துவிடும், இரவே ஊற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் காலிக் கிண்ணத்துடன் படியிறங்கினார்.