பிட் குடும்பத்தைத் தேட: பெயரை விடுங்கள், நிலத்தைப் பிடியுங்கள்

இங்கிலாந்தில் 'பிட்' என்ற குடும்பப் பெயரை வைத்திருப்பவர்கள் எல்லாரும் உறவுக்காரர்கள் இல்லை. பள்ளத்தை ஒட்டிக் குடியிருந்தவரை ஊரார் அப்படிக் கூப்பிட்டார்கள். பள்ளம் இல்லாத ஊர் ஏது? ஆகவே பெயரை மட்டும் தேடுபெட்டியில் போட்டால் சம்பந்தமே இல்லாத நூறு குடும்பங்கள் வந்து விழும். இரண்டு பிரதமர்களைத் தந்த டார்செட் பிட்களைப் பிடிக்க வேண்டுமானால் சொத்து, உயில், குலச்சின்னம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பெயர் கடைசியில்தான்.

தொடங்க நல்ல ஆள் தாமஸ் பிட். 1653-ல் டார்செட்டின் பிளாண்ட்ஃபோர்டு செயின்ட் மேரியில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தை மீறித் திருட்டு வியாபாரம் செய்தவரை, பிறகு அதே கம்பெனி 1698-ல் சென்னைக் கோட்டைக்கு ஆளுநராக அனுப்பியது. 1709 வரை இருந்தார். இங்கே ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் 48,000 வராகனுக்கு, அன்றைய கணக்கில் சுமார் 20,400 பவுண்டுக்கு, 410 காரட் பட்டை தீட்டாத வைரம் ஒன்றை வாங்கினார். பட்டை தீட்டியபின் 140 காரட் சொச்சம் நின்றது. 1717-ல் பிரான்சின் அரசப் பிரதிநிதிக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்றார். இன்று லூவர் அருங்காட்சியகத்தில் 'ரீஜென்ட்' என்ற பெயரில் இருக்கிறது.

அந்தப் பணம் மண்ணாக மாறியது. தேடுகிறவருக்கு அதுதான் வசதி. 1717-லேயே கார்ன்வாலில் பொகானக் எஸ்டேட் அவர் கைக்கு வந்தது. அதற்கு முன்பே வில்ட்ஷயரில் ஓல்டு சேரம் இருந்தது: ஆள் குடியிராத மேடு, ஆனால் 1832 வரை இரண்டு எம்.பி.க்களை அனுப்பிய மேடு. அந்த இரண்டு பிரதமர்களில் மூத்தவரான பேரன் வில்லியம் பிட் 1735-ல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது இந்த வழியாகத்தான். மேட்டுக்குக் கீழே ஸ்ட்ராட்ஃபோர்டு-சப்-காசில் ஊர்த் தேவாலயத்தின் கோபுரத்தில் தாமஸ் பிட் பெயரும் 1711 என்ற ஆண்டும் பெரிதாக இருக்கின்றன. அவசரப்பட்டு அங்கே கல்லறை தேடாதீர்கள். அது நன்கொடையாளர் பெயர். ஆள் 1726-ல் பெர்க்‌ஷயர் ஸ்வாலோஃபீல்டில் இறந்து, பிறந்த ஊரில் அடக்கமானார். சுவரில் உள்ள பெயர் காசு கொடுத்தவருடையதா, கட்டியவருடையதா, புதைக்கப்பட்டவருடையதா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

பொகானக்கைப் பின்தொடர்ந்தால் பெயர் எப்படிக் கழன்றுபோகிறது என்று தெரியும். தாமஸ் பிட்டின் கொள்ளுப்பேரன் 1784-ல் கேமல்ஃபோர்டு பிரபு ஆனார். அவர் மகன், இரண்டாம் கேமல்ஃபோர்டு, 1804-ல் துப்பாக்கிச் சண்டை ஒன்றில் செத்தார், வாரிசு இல்லை. எஸ்டேட் அக்கா ஆனுக்குப் போனது. அவர் கணவர் கிரென்வில் பிரபு 1806-ல் பிரதமரானவர். ஆனும் 1864-ல் போனபின் கணவர் வழியில் ஃபோர்டெஸ்க்யூ குடும்பத்துக்கு மாறியது. ஒரே வீடு, நான்கு பெயர்.

இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்துக்கு 1884-ல் தன் சேகரிப்பைக் கொடுத்த அகஸ்டஸ், 1827-ல் பிறந்தபோது லேன் ஃபாக்ஸ். 1880-ல் ரிவர்ஸ் பிரபு வழிச் சொத்து வந்தது. கூடவே பெயரும் மாறியது. பிறப்புப் பதிவில் 'பிட்' என்று தேடினால் அவர் கிடைக்கவே மாட்டார். உயிலில் 'என் பெயரையும் சின்னத்தையும் ஏற்றால்தான் சொத்து' என்ற நிபந்தனை அந்தக் காலத்தில் சகஜம். நடுவயதில் ஒருவர் திடீரென்று முளைத்தால், முந்தின தலைமுறையின் உயிலை எடுங்கள். 1858-க்கு முந்தைய வசதியானவர்களின் உயில்கள் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ப்ராப் 11' வரிசையில் இருக்கின்றன. உயிலிலும் ஏமாற்றம் வரலாம்: சாமர்செட்டின் பர்ட்டன் பின்சென்ட் எஸ்டேட்டை 1765-ல் வில்லியம் பிட்டுக்கு எழுதிவைத்த சர் வில்லியம் பின்சென்ட் சொந்தக்காரரே இல்லை, அரசியல் அபிமானி. பிட் நன்றிக்கடனாக அங்கே ஒரு பெரிய தூண் எழுப்பினார்.

அடுத்து குலச்சின்னம். பிட்களுடையது கறுப்புக் கேடயம்; குறுக்கே வெள்ளியும் நீலமுமாகச் சதுரங்கக் கட்டம் போட்ட பட்டை; அதற்கு மேலே இரண்டு, கீழே ஒன்று என மூன்று பொன் வட்டங்கள். கல்லிலும் வெள்ளித் தட்டிலும் வண்ணம் இருக்காது. செதுக்கு வேலையில் புள்ளி என்றால் பொன், வெறுமை என்றால் வெள்ளி, படுக்கைக் கோடு நீலம், நெடுக்கும் குறுக்குமாய்க் கோடு கறுப்பு. கேடயம் நெடுக்காக இரண்டாகப் பிரிந்திருந்தால் நாம் பார்க்கும்போது இடப்பக்கம் கணவன் வீடு, வலப்பக்கம் மனைவி வீடு. கேடயம் பிடித்து நிற்பவரின் வலது கைதான் கணக்கு என்பதால் இந்தக் குழப்பம். முதன்முறை பார்க்கிற எல்லாரும் மாற்றிப் படிப்பார்கள். தேவாலயச் சுவரில் சாய்சதுரமாய்த் தொங்கும் சாவுப் பலகையில் இடப்பாதிப் பின்னணி மட்டும் கறுப்பாக இருந்தால் கணவன் போய்விட்டான், மனைவி இருக்கிறாள். இதே சின்னத்தின் சாயல்தான் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துக் கொடியிலும். அது 1758-ல் ஜெனரல் ஃபோர்ப்ஸ் வில்லியம் பிட்டின் நினைவாக வைத்த பெயர்; ரத்தத் தொடர்பு ஏதும் கிடையாது.

பதிவேடுகளில் இரண்டு கண்ணி. திருச்சபைப் பதிவு 1538-ல் கட்டாயமானாலும், 1598-ல் தோல் ஏட்டுக்குப் பெயர்த்து எழுதச் சொன்னபோது பல ஊர்களில் 1558-லிருந்துதான் எழுதினார்கள். 1640-களிலும் 50-களிலும் உள்நாட்டுப் போரால் ஓட்டை. இரண்டாவது, 1752-க்கு முன் ஆண்டு மார்ச் 25-ல்தான் பிறக்கும். 1702 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் அது நம் கணக்கில் 1703. இதைத் திருத்தாமல் சேர்த்தால் பிள்ளை பெற்றோர் கல்யாணத்துக்கு முன்பே பிறந்துவிடும். சென்னைக் கோட்டை செயின்ட் மேரி தேவாலயம் முதலான இடங்களின் ஞானஸ்நான, கல்யாண, சாவுப் பதிவுகளின் நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் 'என்/2' வரிசையில் கிடைக்கின்றன.

ஓவியத்துக்கு வருவோம். காப்ளே 1779-81-ல் வரைந்த 'சாதம் பிரபுவின் மரணம்' படத்தில் கிழவர் பிட் (மூத்த வில்லியமின் பட்டம்தான் 'சாதம் பிரபு') பிரபுக்கள் அவையில் சரிந்து கிடக்கிறார். உண்மையில் அவர் 1778 ஏப்ரல் 7-ல் மயங்கி விழுந்தார். இறந்தது மே 11-ல், கென்ட்டில் ஹேய்ஸ் வீட்டில். தலைப்பை வைத்து இறந்த இடம் எழுதுகிறவர்கள் இதில்தான் வழுக்குகிறார்கள். ஆனால் படம் வேறு வகையில் உதவும்: விழுந்தவர் பக்கத்திலேயே மகன்கள் வில்லியமும் ஜேம்ஸும், மருமகன் மேஹன் பிரபுவும் நிற்கிறார்கள். மேஹன், ஸ்டான்ஹோப் குடும்பம். வைரக்கார தாமஸின் மகள் லூசி ஏற்கெனவே ஸ்டான்ஹோப் வீட்டுக்குத்தான் வாழ்க்கைப்பட்டாள். கென்ட்டில் செவனிங் மாளிகை 1967 வரை அவர்களுடையதாக இருந்தது. பிட் பொருள்களைத் தேடுகிறவர் அந்தப் பக்கமும் பார்க்கவேண்டும்.

மாளிகைப் படங்களின் மூலையில் பொன் எழுத்தில் இருக்கும் பெயரை அப்படியே நம்பவேண்டாம். பல, பிற்காலச் சொந்தக்காரர்கள் எழுதிவைத்தவை. பிட்டுக்குச் சாதம் பட்டம் வந்தது 1766-ல்; அதற்கு முந்தைய உடுப்பில் இருப்பவருக்குக் கீழே 'சாதம் பிரபு' என்றிருந்தால் எழுத்து பின்னால் ஏறியது. 'வில்லியம் பிட்' என்று மட்டும் இருந்தால் அப்பாவா மகனா என்று முகத்தையும் உடையையும் வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும். 'இரண்டாம் சாதம்' என்றால் இவர்கள் இருவருமே இல்லை: அது மூத்த மகன் ஜான். அவர் 1835-ல் வாரிசின்றி இறக்க, சாதம் பட்டம் அவரோடு முடிந்தது.