சாம்பார் வாளியும் ரோஸ் ஈஸ்டும்

மார்ச் 4, 2024, திங்கள், பெங்களூரு

ஹாஸ்டல் மெஸ்ஸிலிருந்து ஒரு வாளி மிச்சம் வந்தது. சோறு, சாம்பார், பாதி கடித்த அப்பளம். மிக்ஸியில் அரைத்து, மேலே மிதந்த எண்ணெயை வழித்தெடுத்து, சோற்று மாவு சர்க்கரையாக அமைலேஸ் என்ற நொதி சேர்த்தேன். நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்குத் தண்ணீர் இல்லை. டேங்கர் மாலை நாலு மணிக்குத்தான் வந்தது. ஊரே குடத்தோடு நிற்கும்போது நான் எதற்குச் சலித்துக்கொள்வது?

இந்த மிச்சத்தைத் தின்னப்போகும் ஈஸ்ட், ரோடோடொருலா டொருலாய்ட்ஸ். சர்க்கரையைத் தின்று தன் செல்லுக்குள் எண்ணெய் சேர்க்கும். அந்த எண்ணெயைப் பிரித்தெடுப்பதுதான் என் சோதனை. தட்டில் வளர்ந்தால் ரோஸ்மில்க்கை நினைவுபடுத்தும் நிறம்.

மார்ச் 6, புதன்

குடுவை கொழகொழவென்று இருந்தது. இரண்டே நாளில் இவ்வளவு வளர்ச்சியா என்று சந்தோஷப்பட்டுவிட்டேன். கொழுப்பை மின்னவைக்கும் நைல் ரெட் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒவ்வொரு செல்லிலும் கடுகில் பாதி மாதிரி ஒரு எண்ணெய்த் துளிதான். மற்றதெல்லாம் வெறும் உடம்பு.

காரணம் சாம்பார். துவரம்பருப்பில் புரதம், அதாவது நைட்ரஜன், ஏராளம். அது இருக்கும்வரை ஈஸ்ட் குட்டி போட்டுக்கொண்டே போகும். நைட்ரஜன் தீர்ந்து சர்க்கரை மட்டும் மிஞ்சினால்தான் செல் பெருகுவது நிற்கும். உள்ளே வந்த சர்க்கரை சிட்ரேட்டாகத் தேங்கி, அங்கிருந்து கொழுப்பாகும். பட்டினி போட வேண்டும், ஆனால் இனிப்பை நிறுத்தக் கூடாது. இதை நான் பாடத்தில் படித்தவள்தான்.

மார்ச் 8, வெள்ளி

சிவராத்திரி. அல்சூர் சோமேஸ்வரர் கோவிலில் கூட்டம் நெரிந்தது. அதற்கு முன் காலையிலேயே கே.ஆர். மார்க்கெட் போய், கறுத்துப்போன வாழைப்பழம் ஒரு பை வாங்கி வந்தேன். கடைக்காரர் காசு வாங்கவில்லை. கனிந்த பழத்தில் மாவுச்சத்து ஏற்கெனவே சர்க்கரையாகியிருக்கும், நைட்ரஜனும் குறைவு.

வீட்டுக்காரப் பாட்டி, “ஈஸ்ட்டுன்னா ஆப்பத்துக்குப் போடுறதுதானே?” என்றார். அது சாராயம் காய்ச்சுகிற ஜாதி பாட்டி, இது எண்ணெய் சேர்க்கிற ஜாதி என்றேன். “சிவராத்திரி அன்னிக்கு சாராயப் பேச்சா!” என்று முறைத்தார்.

மார்ச் 10, ஞாயிறு

ராத்திரி கரண்ட் போய், குடுவையைக் குலுக்கும் ஷேக்கர் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டது. குலுக்காவிட்டால் காற்று இறங்காது, காற்றில்லாமல் இது எண்ணெய் சேர்க்காது. கையால் ஆட்டினேன். தோள்பட்டை போச்சு.

மார்ச் 14, வியாழன்

இந்த முறை, வாழைப்பழக் குடுவையில், செல்லுக்குள் மஞ்சளாக மின்னும் பெரிய துளிகள், சிலதில் செல்லையே அடைத்துக்கொண்டு. செல் சுவர் கெட்டி என்பதால் அமிலத்தில் வேகவைத்து உடைத்து, எண்ணெயைக் கரைக்கும் ஹெக்சேனில் எண்ணெயைப் பிரித்தேன். ஒரு லிட்டரில் உலர் செல் 9 கிராம், எண்ணெய் 2.6. உலர் எடையில் 20 சதவீதம் தாண்டினாலே எண்ணெய் ஈஸ்ட் என்பார்கள். தாண்டிவிட்டது. மெத்தனால் சேர்த்து டீசலாக்க இது போதாது. ஆட்டோகிளேவ் குடித்த கரண்டைக் கணக்குப் போட்டால் சிரிப்புதான் வரும். ஆனாலும் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். ஆரஞ்சு நிறம், நல்லெண்ணெயை விடக் கொஞ்சம் கெட்டி.

மார்ச் 15, வெள்ளி

மெஸ் அண்ணனிடம் போய், சோற்றுக்கு ஒரு வாளி, சாம்பாருக்கு ஒரு வாளி வைக்க முடியுமா என்று கேட்டேன்.

“பிசைஞ்சு வச்சுட்டு எழுந்து போற பசங்கம்மா இவங்க. நான் எங்க போய்ப் பிரிக்கிறது?”

கஞ்சி வடிக்கும் தண்ணீராவது கிடைக்குமா என்றேன். அது தினமும் சாக்கடைக்குத்தான் போகிறதாம். நாளைக்குக் கேனோடு வரச் சொன்னார்.