கொக்குவில் வீடும் ஒரு கோடி இருபத்தெட்டும்

ஓகஸ்ட் 11, ஞாயிறு

யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் ஒரு வீடு பார்த்துவிட்டு வந்தோம். காணி 2 பரப்பு 6 குழி. பழைய ஓட்டு வீடு. சிவப்புச் சீமெந்துத் தரை இன்னும் வழுவழுவென்று இருக்கிறது, கூரையில் கறையான் அரித்த அடையாளமே இல்லை. கிணற்றடியில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம். மனைவி அந்த மரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. விற்கிறவருக்கு முன்னால் இருவரும் அதிகம் கதைக்கவில்லை. தரகர் சொன்ன விலை ஒரு கோடி இருபது இலட்சம்.

கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்து வந்து கேத்தலில் கொதிக்க வைத்தோம். இங்கே நிலத்தடி முழுக்கச் சுண்ணாம்புக்கல், வெள்ளைப் படை படியத்தான் செய்யும். ஆனால் உவர் இல்லை, தேத்தண்ணியின் ருசி மாறவில்லை. மாரியில் எந்தக் கிணறும் நல்ல கிணறுதான். இந்த வரண்ட மாதங்களில் குடித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஓகஸ்ட் 13, செவ்வாய்

பிள்ளைகள் படுத்த பிறகு கொப்பியும் பேனையுமாக இருந்தோம். சேமிப்பு, வயல் விற்ற காசு, வங்கிக் கடன் 50 இலட்சம். 13 வீத வட்டி, 20 வருடம் என்றால் இலட்சத்துக்கு மாதம் ஏறக்குறைய 1,170 ரூபா. 50 இலட்சத்துக்கு 58,500 ரூபா. அதற்கு மேல் போனால் பிள்ளைகளின் ரியூசன் காசில்தான் கை வைக்கவேண்டும். "அஞ்சு லட்சம்தானே" என்று ஒருவர் லேசாகச் சொல்லிவிட்டுப் போவது எங்களுக்கு மாதம் 5,850 ரூபா, 20 வருடத்துக்கு.

இன்னொன்று. வங்கி கடன் தருவது தன்னுடைய மதிப்பீட்டாளர் போடும் பெறுமதியைப் பார்த்து. போட்டியில் ஏறுகிற காசு எங்கள் நகைப் பெட்டியிலிருந்துதான் வரும். முத்திரைத் தீர்வையும் இருக்கிறது: முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 128 இலட்சத்துக்கு 511,000 ரூபா, உறுதி எழுதும் நொத்தாரிசின் கட்டணம் வேறு.

கூட்டிக் கழித்து, 128 இலட்சத்துக்கு மேல் போவதில்லை என்று முடிவெடுத்தோம். கடதாசியில் எழுதி இருவரும் கையெழுத்து வைத்து, சாமி அறையில் விளக்குக்குக் கீழே வைத்திருக்கிறோம்.

ஓகஸ்ட் 16, வெள்ளி

118 கேட்டோம். யோசித்துச் சொல்வதாகப் பதில் வந்தது.

காணி உறுதியின் பிரதியை நொத்தாரிசிடம் காட்டினேன். வீடு மூன்று சகோதரங்களின் பேரில் இருக்கிறது, ஒருவர் பிரான்ஸில். யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி கூட்டுச் சொந்தக்காரருக்கும் உரித்தாளிகளுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அதற்கு 1947ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. "விலையை ஏத்த முதல் அந்தக் கையெழுத்து வருமோ எண்டு கேளுங்கோ" என்றார். பிரான்ஸிலிருந்து அவருக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம், அதாவது அற்றோணித் தத்துவம், வராவிட்டால் எங்கள் கையில் கிடைப்பது முழு வீடு இல்லை, மூன்றில் இரண்டு பங்கு. 'உங்களுக்குத்தான்' என்ற வாய்ச்சொல்லை நம்பவேண்டாம் என்றும் சொன்னார். காணி விற்பனை நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சியோடு எழுதினால்தான் செல்லும்.

இந்த அரை மணித்தியாலம் என்னை நிறையவே ஆறவைத்தது. அதுவரை விலையை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓகஸ்ட் 20, செவ்வாய்

நல்லூர்க் கோயில் திருவிழாவில் நின்றோம். கச்சான் கடைகளுக்குப் பக்கத்தில் சனம் நெருக்க, மகள் என் தோளில். தரகர் அண்ணையின் அழைப்பு வந்தது.

"தம்பி, லண்டன் ஆக்கள் ஒண்டு முப்பது சொல்லிட்டினம். நீங்கள் ஒண்டு முப்பத்தஞ்சு எண்டால் உங்களுக்கே முடிச்சுத் தாறன். இப்பவே சொல்லவேணும்."

மேளச் சத்தத்தில் மற்றக் காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். 'சரி' என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. உண்மையாகத்தான் சொல்கிறேன், அந்தக் கணத்தில் ஏழு இலட்சம் எனக்குக் காசாகவே தெரியவில்லை, அந்த மாமரம்தான் தெரிந்தது. மகள் கச்சான் பையை என் கன்னத்தில் அழுத்தி "அப்பா, உடைச்சுத் தாங்கோ" என்றாள்.

"அண்ணை, நாளைக்குப் பத்து மணிக்கு நானே எடுக்கிறன்" என்று வைத்தேன். கை நடுங்கியது. கச்சானை உடைத்துக் கொடுத்தேன்.

ஓகஸ்ட் 21, புதன்

லண்டன் ஆக்கள் உண்மையாகவே இருக்கிறார்களா என்று மனைவி கேட்டாள். இருக்கலாம். திருவிழாவுக்கு வந்து நிற்கிறவர்கள் விடுமுறை முடியமுதல் ஒரு வீட்டைப் பிடித்துவிடப் பார்ப்பார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. 1995இல் போரால் வலிகாமத்தை விட்டு வெளியேறின சனத்தில் எத்தனை குடும்பம் இன்னும் ஊரில் ஒரு கிணற்றடிக்கு ஏங்குகிறது! எங்கள் சொந்தக்காரரும் அதில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விளக்கடியில் இருக்கும் கடதாசியில் எழுதியது 128தான்.

பத்து மணிக்கு எடுத்தேன். "128. மூன்று பேரின் கையெழுத்தும் வரவேணும். ஞாயிறு வரைக்கும் இந்த விலை நிற்கும்." தரகர் கொஞ்சம் சலித்துக்கொண்டார். 130 ஆவது சொல்லச் சொன்னார். திரும்பவும் 128 என்றேன். அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை. விளக்கம் சொல்லத் தொடங்கினால் அதிலேயே விலை ஏறிவிடும் என்று தோன்றியது.

ஓகஸ்ட் 26, திங்கள்

வீடு 138க்குப் போய்விட்டது.

மனைவி குசினியில் கொஞ்ச நேரம் அழுதாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கும் தொண்டை அடைத்தது. இரவு கடதாசியை எடுத்துப் பார்த்தோம். "கிழிக்கட்டே?" என்று கேட்டேன். "வேண்டாம், தொகை சரிதானே" என்று திரும்ப விளக்கடியிலேயே வைத்தாள்.

செப்டெம்பர் 5, வியாழன்

உரும்பிராயில் 3 பரப்புக் காணியோடு ஒரு வீடு இருக்கிறதாம். மரம் ஒன்றும் பெரிதாக இல்லை, தோட்டக்காணி பக்கத்தில். தோட்டத்துக்குப் போடும் உரம் கிணற்றில் இறங்கும் என்பதால் தண்ணீரை இந்த முறை ருசி பார்த்தால் மட்டும் போதாது, நைத்திரேற்றும் பரிசோதிக்கவேண்டும். சனிக்கிழமை போகிறோம். போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.